திறக்காமல் அனுப்பிய பயோடேட்டா

உங்கள் மாமா பி.காம். முடித்த கையோடு ஊரில் அவனுக்கு ஒரு பயோடேட்டா செய்தார்கள். செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சும்மா டைப் அடித்தது இல்லை அது. ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. சென்டர் உண்டு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பார்கள். அதே கை மாமாவின் பயோடேட்டாவையும் செய்தது. நாலு பக்கமும் கொடி ஓடும் பார்டர். கீழ் மூலை இரண்டிலும் குத்துவிளக்கு. உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் அடியில் 'முருகன் துணை'. அதற்கும் கீழேதான் இங்கிலீஷில் பெயர், அப்பா பெயர், படிப்பு, மார்க், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் கோர்ஸ் படித்த விவரம். வலது ஓரத்தில் போட்டோ.

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் இப்போது சிரிப்பு வரும். வரட்டும். அந்த பிரிண்டைப் பார்த்த அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. உங்கள் அம்மா அதைச் சுவரில் மாட்டலாம் போலிருக்கிறது என்றாள்.

கடைக்காரர் அதை ஒரு ஃப்ளாப்பியிலும் போட்டுக் கொடுத்திருந்தார். ஃப்ளாப்பி என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர பிளாஸ்டிக் தட்டு. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் ஒரு போட்டோகூட அதில் கொள்ளாது. கொடுக்கும்போது அவர் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தாராம். "தம்பி, இத எங்கயும் தொறந்து கிறந்து பாத்திராதீய. கை பட்டா அலைன்மென்ட் கலைஞ்சிரும். அப்படியே மெயில்ல போட்டு விடுங்க, போதும்."

மாமா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அப்படியே செய்தான். நான் எழுதப்போகிற கதை முழுக்க அந்தக் கீழ்ப்படிதலால் வந்ததுதான்.

அவன் புனே வந்தபோது நாம் சாங்வியில் குடியிருந்தோம். மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும். பாப்பா அப்போது சுவரைப் பிடித்து நடக்கிற பருவம். தம்பி பிறக்கவே இல்லை. நான் கசார்வாடியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது, அதற்குப் பிறகு ஐ.டி.ஐ., என் படிப்பு அவ்வளவுதான். கம்ப்யூட்டர் என்றால் எங்கள் ஒர்க்‌ஷாப் ஆபீஸில் துணி போட்டு மூடி வைத்திருந்த ஒரு சாமான். அந்தத் துணியை எடுத்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்ததில்லை.

கையில் கொண்டுவந்த ஒரே பிரிண்டை மாமா முதல் வாரமே பிம்பிரிப் பக்கம் ஒரு கம்பெனி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தான். அது உள்ளே போனதா, வாட்ச்மேன் அதில் வடா பாவ் வைத்துத் தின்றானா, தெரியாது. அதன் பிறகு எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்: மெயில் பண்ணு. அவனும் மெயில் பண்ணினான். சாங்வியில் எங்கள் தெருமுனையில் ஒரு சைபர் கஃபே இருந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவான். பேப்பரில் பார்த்துக் குறித்த கம்பெனி முகவரிகளுக்கு எல்லாம் அந்த ஃபைலைச் சேர்த்து அனுப்புவான். திறக்க மாட்டான். திறந்தால் கலைந்துவிடும் அல்லவா.

திரையில் அந்த ஃபைல் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியுமாம். மற்ற ஃபைல்களுக்கு எல்லாம் கலர் கலராகப் படம் இருக்கும். இதற்கு இல்லை. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, பிறகு ஆங்கில எழுத்து பி, பிறகு அறுபத்தைந்து. மாமா அதைப் பார்த்துப் பயப்படவில்லை. அவன் பி.காமில் எடுத்தது அறுபத்தைந்து சதவீதம். பெர்சன்டேஜை ஃபைல் பெயரிலேயே போட்டுவிட்டார் கடைக்கார அண்ணாச்சி, என்ன விவரம் என்று நினைத்துக்கொண்டானாம்.

பதில் வரவில்லை.

மழைக்காலம் முழுக்க வரவில்லை. கணபதி வந்து போனார், தசரா வந்து போனது. மாமாவின் மெயில் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு கடிதம். அந்த மெயில் கம்பெனிக்காரனே 'உங்களை வரவேற்கிறோம்' என்று முதல் நாள் அனுப்பியது.

முதலில் நாங்கள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் நான் வந்ததும், "என்னலே, எந்தக் கம்பெனிக்காரன் இன்னைக்கு வாசல்ல வந்து நிக்கான்?" என்பேன். "நாலு பேரு நிக்கான் அத்தான். அக்கா காபி குடுத்து ஒக்கார வச்சிருக்கா," என்பான். கொஞ்ச நாள் கழித்து நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு மராட்டிக் காகூ, நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி, அவள் மட்டும் நிறுத்தவில்லை. நல்ல மனுஷி. படியில் அவனைக் கண்டால், "காய் ரே, நோக்ரி லாக்லி கா?" என்று கேட்பாள். வேலை கிடைத்ததா என்று அன்பாகத்தான் கேட்பாள். மாமா அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தான்.

ஒரு நாள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"அக்கா, அந்த போட்டோவ மாத்திப் பாக்கட்டுமா?"

"எந்த போட்டோவ?"

"பயோடேட்டால உள்ளத. கொஞ்சம் கருப்பா விழுந்திருக்கு. இங்க உள்ளவங்க எல்லாம் செவப்பா இருக்காங்க. பாத்த ஒடனே தள்ளி வச்சிருதாங்களோ என்னவோ."

அம்மா கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் பாப்பா அழுதாள். "ஏலே, கணக்கு எழுதக் கூப்பிடுதவனுக்கு மூஞ்சி எதுக்குலே? பேசாம திங்கியா, இல்ல தட்ட எடுக்கவா?"

அவன் பேசாமல் தின்றான். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவனுக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? லேத்தில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் எங்கே தப்பு என்று அளந்து காட்டுவார்கள். இது கூடுதல், இது குறைச்சல் என்பார்கள். இவனை யாரும் அளந்தும் காட்டவில்லை. அதனால் அவனே தன் மேல் ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டிருந்தான். இங்கிலீஷ் சரியில்லை, மார்க் போதாது, ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியாது, முகம் கருப்பு.

தீபாவளி நெருங்கியபோது ஊரிலிருந்து உங்கள் தாத்தா போன் பண்ணினார். உரக்கடையில் ஒரு ஆள் வேண்டுமாம், வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். மாமா சரி என்றான். புனே ஸ்டேஷனுக்குப் போய் ஊருக்கு டிக்கெட் போட்டு வந்தான். சனிக்கிழமை வண்டி. உரக்கடை கேவலம் இல்லை, பிள்ளைகளே. எத்தனையோ பேர் அதில் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இவன் அங்கே போய் உட்கார்ந்தால் எதற்கும் லாயக்கில்லாமல் திரும்பி வந்தவன் என்ற நினைப்போடுதான் உட்காருவான். அது அவனை விட்டுப் போகாது என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. அவள் அவன் துணிகளைத் துவைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே துவைத்ததையும் சேர்த்து.

அந்த வாரம் திங்கட்கிழமை எங்கள் முதலாளி என் மெஷின் பக்கம் வந்து நின்றார். அவரை நாங்கள் ஷேட் என்று கூப்பிடுவோம். போசரியில் தன் மைத்துனன் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் தேவையாம். "உன் மச்சான் ஒருத்தன் இருக்கான்ல? நாளைக்குக் காலையில அவன் காகிதத்தைக் கொண்டு வா. மெயில் கியில் எல்லாம் வேண்டாம், எனக்குக் கையில வேணும்," என்றார் ஹிந்தியில்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமாவுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. "சனிக்கிழமை வண்டி அத்தான்," என்றான். "சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கெடக்கு. எந்திரி," என்றேன். இரண்டு பேருமாக ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு கஃபேக்குப் போனோம். பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் ஃபைலைத் திறந்துதானே ஆக வேண்டும்?

கஃபே நடத்தியவர் மாமா வயதுக்காரர். மாமாவைத் தினமும் பார்க்கிறவர். ஃப்ளாப்பியை வாங்கி உள்ளே தள்ளினார். அது கரகரவென்று சத்தம் போட்டது. அந்த வெள்ளைத் தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். திறக்கவில்லை. ஒரு பெட்டி வந்தது. அதில் நீளமாக ஒரு பட்டியல். எதை வைத்துத் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் நம்மிடமே கேட்கிறது.

"எதில் பண்ணியது இது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன். "கம்ப்யூட்டரில்," என்றான் மாமா.

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். முதலில் கடிதம் எழுதுகிற சாஃப்ட்வேரில் கொடுத்துப் பார்த்தார். தெரியாத ஃபைல் என்று தள்ளிவிட்டது. படம் வரைகிற ஒன்றில் கொடுத்தார். அதுவும் வேண்டாம் என்றது. கடைசியில் நோட்பேட் என்று ஒன்று. அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் போல. திறந்தது.

பிள்ளைகளே, அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டம் கட்டமாக, கோடு, புள்ளி, தலைகீழ்க் கேள்விக்குறி, கொம்பு முளைத்த எழுத்து, மறுபடி கட்டம். பக்கம் பக்கமாக ஓடியது. நான் ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவர் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். திடீரென்று அந்தக் குப்பைக்கு நடுவில் மாமாவின் பெயர் இங்கிலீஷில் முழுசாக நின்றது. மறுபடி குப்பை. பிறகு எங்கள் ஊர்ப் பெயர், பின்கோடு. மறுபடி குப்பை.

"அத்தான், இதுக்குள்ளதான் இருக்கேன்," என்றான் மாமா மெதுவாக.

கஃபேக்காரர் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தார். நாம் தம்பி என்கிற இடத்தில் இங்கே 'பாய்' என்பார்கள். "பாய், இத்தனை நாளும் எல்லாருக்கும் இதையா அனுப்பினே?"

மாமா தலையை ஆட்டினான்.

"திறந்து பார்த்து அனுப்பலையா?"

"தொறந்தா கலைஞ்சிரும்னு சொன்னாங்க," என்று தமிழிலேயே சொன்னான். அவருக்கு எப்படிப் புரியும்? நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். பிறகு அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த பி அறுபத்தைந்தைத் தொட்டுக் காட்டினார். "இது பேஜ்மேக்கர் ஃபைல். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சாஃப்ட்வேர். பிரஸ்ஸில்தான் இருக்கும். கம்பெனி ஆபீஸில் ஒருத்தனிடமும் இருக்காது."

எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஃபைல் என்றால் காகிதம் மாதிரி, எங்கே விரித்தாலும் ஒன்றுதான் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. எதில் செய்தார்களோ அதுவோ, அதன் பாஷை தெரிந்த இன்னொன்றோ இருந்தால்தான் விரியும். புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்துதான் அது எந்த பாஷை என்று சொல்கிறது.

மாமா தன் மெயில் பெட்டியைத் திறந்து, அனுப்பியவை எல்லாம் இருக்கும் இடத்தைக் காட்டினான். ஒரு பக்கம் முழுக்கக் கம்பெனிகள். அடுத்த பக்கமும். எல்லாவற்றிலும் அந்த ஒரே ஃபைல். எவனாவது ஒருவன், 'தம்பி, இது திறக்கவில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர்களுக்கு எத்தனை பேர் அனுப்பியிருப்பார்களோ. திறக்காததை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பார்கள். நானே கசார்வாடியில் யாரோ கையில் திணிக்கிற நோட்டீஸைப் படித்தா பார்க்கிறேன்?

படி ஏறி வந்து அம்மாவிடம் சொன்னோம். அவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டாள்.

"அப்போ ஒருத்தனும் இவன வேண்டாம்னு சொல்லல?"

"சொல்லல."

"பாக்கவே இல்ல?"

"பாக்கவே இல்ல."

அவள் மாமாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள். ஓங்கித்தான் வைத்தாள். "வேணும்லே ஒனக்கு. அந்த அண்ணாச்சி தொறக்காதன்னா தொறக்கவே மாட்டியோ? கல்யாணம் ஆயி பொண்டாட்டி கதவ தட்டுனாலும் அவர போன்ல கேட்டுட்டுதான் தொறப்பியா?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். மாமா முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தாபோடி வழியாகக் கசார்வாடிக்கு நான் தினமும் போகிற பாதைதான். பழைய மும்பை ரோட்டில், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன பிரஸ் இருப்பது எனக்குத் தெரியும். வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். அடுத்து துளசிச் செடிக்குச் செய்யும் துளசி கல்யாணம் வரப்போகிறது. அது முடிந்தால் மராட்டியர்களுக்குக் கல்யாண சீசன். கடையில் கூட்டம். கம்ப்யூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள், ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி 'தாயி' என்றுதான் கூப்பிட்டேன். தாயி என்றால் அக்கா. எனக்கு மராட்டி அரைகுறை. அவள் சொன்னதை எல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொன்னதும், "நில்லுங்க, இந்தப் பத்திரிகையில மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர் விட்டுப்போச்சு, அவரைச் சேர்க்காட்டி கல்யாணமே நின்னுரும்," என்று ஒரு வேலையை முடித்துவிட்டு ஃப்ளாப்பியை வாங்கினாள். அவளுடைய கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் வெள்ளைத் தாளாக இல்லை. கலரில் ஒரு படத்தோடு இருந்தது. மாமா அதைப் பார்த்ததும் என் முழங்கையைப் பிடித்தான். "ஊர்ல இப்படித்தான் அத்தான் இருந்துச்சு."

இரண்டு தட்டு. திறந்தது. ஆனால் நடுவில் ஒரு பெட்டி வந்தது. இதில் உள்ள ஒரு ஃபான்ட் என்னிடம் இல்லை, பதிலுக்கு எதைப் போடட்டும் என்று கேட்டது. அவள் யோசிக்காமல் தன் மராட்டி ஃபான்ட்டைக் கொடுத்தாள். பார்டர் வந்தது. குத்துவிளக்கு வந்தது. தாயி திரும்பி மாமாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"லக்ன கோணாச்ச?" என்று கேட்டாள். யாருக்குக் கல்யாணம் என்று.

"கல்யாணம் இல்ல தாயி. வேலைக்கு," என்றேன்.

"வேலைக்கா! இதைப் பார்த்தா நான் கிஃப்ட் வாங்கிட்டுல்ல வருவேன்?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாமாவும்.

உச்சியில் தமிழ் இருந்த வரி மராட்டி எழுத்துகளாக மாறி நின்றது. அவள் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். வாயில் நுழையாத ஏதோ சத்தம் வந்தது. மறுபடி முயன்றாள். "இது மராட்டியும் இல்லை, சம்ஸ்கிருதமும் இல்லை. என்ன எழுதியிருக்கு இங்கே?"

"முருகன் துணை," என்றான் மாமா.

முருகன் யார் என்று நான் விளக்கினேன். கணபதியின் தம்பி. மயில் வாகனம். "ஓ, கார்த்திக் ஸ்வாமி!" என்றவள் சட்டென்று கையை மவுஸிலிருந்து எடுத்தாள். "ஐயோ, அவர் பிரம்மச்சாரி ஆச்சே. பொம்பளைங்க அவர் முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அதான் ஃபைல் எங்கேயும் திறக்கலையோ?"

எங்களுக்கு இது புதுச் செய்தி. "எங்க ஊர்ல அவருக்கு ரெண்டு சம்சாரம் தாயி," என்றேன்.

"ரெண்டா?" அவள் கண்ணை விரித்தாள். "எங்க ஊர் எல்லையைத் தாண்டாத வரைக்கும்தான் பிரம்மச்சாரியா? சரி, அப்படின்னா பயமில்லை," என்று மறுபடி மவுஸைப் பிடித்தாள்.

பிறகுதான் மாமா கவனித்தான். வலது ஓரத்தில் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

"போட்டோ எங்க?"

"போட்டோ இதுல வரலை," என்றாள் தாயி. "அது தனி ஃபைல். செய்தவர் கம்ப்யூட்டர்லேயே இருக்கும். ஃப்ளாப்பியில சேர்த்துப் போடலை."

மாமா என்னிடம் திரும்பினான். "போட்டோவே போகல அத்தான்," என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும், "போகவே இல்ல," என்றான். நான் வாசலில் ஒட்டியிருந்த பத்திரிகைகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தாயி எழுத்தை மட்டும் தனியாக எடுத்து, கம்பெனிக்காரர்கள் திறக்கக்கூடிய சாதாரண ஃபைலாக மாற்றினாள். பார்டர் வேண்டுமா என்று கேட்டாள். மாமா ஒரு நிமிஷம் யோசித்து வேண்டாம் என்றான். குத்துவிளக்கு வேண்டாம் என்றான். முருகன் துணை என்று வந்தபோது தயங்கினான். "அது மனசுல இருந்தா போதும்லா அத்தான்?" "போதும்லே," என்றேன். தாளில் பிரிண்ட் எடுத்தபோது அது ரொம்ப மொட்டையாக இருந்தது. சுவரில் மாட்டுகிற மாதிரி இல்லை. ஆனால் படிக்க முடிந்தது.

மறுநாள் காலை ஷேட் கையில் கொடுத்தேன். கதை அங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சாயங்காலம் அவரே வந்து, போசரியில் அவர் மைத்துனன் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரப் பையனை உட்கார வைத்துவிட்டான் என்றார். "பையனோட காகிதம் நல்லா இருக்கு, வேற எங்காவது பார்ப்போம்," என்றார். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். மாமா, "பரவால்ல அத்தான்," என்றான். நான் நினைத்த அளவுக்கு அவன் முகம் விழவில்லை. ஏனென்றால் அவன் காலையிலிருந்து கஃபேயில் வேலையாக இருந்திருக்கிறான்.

பழைய பட்டியலில் இருந்த எல்லாக் கம்பெனிக்கும் மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தானாம். அனுப்புவதற்கு முன்னால் புது ஃபைலை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு அதிலும் திறந்து பார்த்தான். கஃபேக்காரர், "என் மெஷினை விட்டுவிடு பாய், எல்லாத்திலும் திறக்கும்," என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். 'முன்பு அனுப்பியது உங்களால் திறக்க முடியாமல் போயிருக்கலாம், மன்னிக்கவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுத அவரே உதவி செய்தார்.

புதன் போனது. வியாழனும் போனது. டிக்கெட் சுவரில் முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. அம்மா அவன் பெட்டியை அடுக்கினாள். வழிக்குப் புளியோதரை கட்ட அரிசி எடுத்து வைத்தாள். நான் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் என் வீட்டில் அவன் தங்கித் தின்கிற கணக்கை நான் பார்க்கிறதாக ஆகிவிடும் என்று ஒரு பயம்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு மின்சாரம் இல்லாததால் ஒர்க்‌ஷாப் சீக்கிரம் மூடினார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றவில்லை, படியில் தடதடவென்று சத்தம். மாமா வந்தான். கையில் ஒரு தாள்.

"அக்கா! அத்தான்! பதில் வந்திருக்கு!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வேலையாலே? எங்கலே? எப்ப வரச் சொல்லுதாங்க?"

"வேலை இல்லன்னு வந்திருக்கு."

அம்மா அப்படியே நின்றாள். "என்னது?"

"இப்ப எடம் காலி இல்லையாம். படிச்சுக் காட்டுதேன், கேளேன்." இங்கிலீஷில் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் சொன்னான். சாக்கன் பக்கம் ஏதோ கம்பெனி. கணக்குப் பிரிவில் தற்போது தேவை இல்லை, தாங்கள் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் கோர்ஸ் முடித்திருப்பதைக் குறித்துக்கொண்டோம், பிறகு தேவை ஏற்பட்டால் தெரிவிப்போம். "கோர்ஸப் பத்தி எழுதிருக்கான் பாரு! அது ரெண்டாவது பாராவுல கீழ இருக்கு. அவ்வளவு தூரம் வந்திருக்கான் அக்கா. படிச்சிருக்கான்!"

"ஏங்க," என்று அம்மா என்னைப் பார்த்தாள். "இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? வேண்டாம்னு சொன்னதுக்கு இந்தக் குதி குதிக்கான்?"

"குதிக்கட்டும் விடு," என்றேன். எனக்கும் குதிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. இத்தனை மாதத்தில் முதல் முறையாக ஒருவன் அவனைப் படித்துப் பார்த்து, இந்தக் காரணத்தால் இல்லை என்று சொல்லியிருக்கிறான். காரணத்தில் இங்கிலீஷ் இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். இடம் இல்லாதது அவன் தப்பா?

மாமா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "அத்தான், கேன்சல் கவுண்டர் எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவனுக்கு வேலை கிடைக்கப் பொங்கல் தாண்டியது. விஷ்ராந்த்வாடியில் ஒரு சின்ன மருந்து ஏஜென்சியில் கணக்கு. அதன் பிறகு அவன் போன இடங்கள், இன்றைக்கு இருக்கும் இடம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். இடையில் இன்னும் எத்தனையோ 'வருந்துகிறோம்' வந்தது. எல்லாவற்றையும் படித்துக் காட்டுவான். அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் மனப்பாடமே ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை கதவு வரைக்கும் நின்றது. தீபாவளிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் எல்லோரும் டிக்கெட் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வரிசையில் நகர்ந்துகொண்டே, எந்தக் கம்பெனிக்காரன் அடுத்துப் பதில் போடுவான், எவன் போடமாட்டான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தான். சின்னப் பட்டறைக்காரன் கட்டாயம் போடுவான், பெரிய கம்பெனிக்காரன் தாமதம் பண்ணுவான் என்றான். ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க் கையை நீட்டினார். மாமா பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், டிக்கெட்டை அவர் கையில் வைத்தான்.